வீடெங்கும் ஒரே பாட்டு: ஸ்னாப்காஸ்டா, பல்ஸ்ஓடியோவா?

ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள்ளேதான் வாழ்க்கை. முன்னறையிலும் குசினியிலும் இருக்கும் இரண்டு பழைய லெப்டொப்புகளிலும் ஒரே பாட்டு ஓடவேண்டும். லினக்ஸில் இதற்கு நான் பார்த்தது இரண்டு மென்பொருள் வழிகள்: பல்ஸ்ஓடியோ, ஸ்னாப்காஸ்ட்.

கணினியின் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஓடியோ ஏற்கெனவே கணினியில் இருந்தால் வேலை சுலபம். அனுப்பும் பக்கம் ஒரு மொடியூல் (துணை நிரல்), கேட்கும் பக்கம் ஒன்று, அவ்வளவுதான். ஒலியைச் சுருக்காமல், சிடி தரத்தில் வினாடிக்கு 1.4 மெகாபிட் அளவில், மல்டிகாஸ்டாக, அதாவது ஒரே அனுப்பலில் கேட்கும் எல்லாக் கணினிகளுக்கும், அனுப்பும். கேபிள் இழுத்த வீட்டுக்கு இது போதும். வைஃபையில்தான் வினை. மல்டிகாஸ்ட் பொதி (தரவுத் துண்டு) வழியில் தொலைந்தால் ரவுட்டர் அதைத் திரும்ப அனுப்பாது. எங்கள் கருங்கல் சுவரைத் தாண்டுவதற்குள் பாட்டுக்கு விக்கல் எடுத்துவிடும்.

ஸ்னாப்காஸ்ட் வேறு ரகம். அனுப்பும் கணினியான சேர்வர் ஒவ்வொரு ஒலித்துண்டுக்கும் நேர முத்திரை குத்தி அனுப்புகிறது. கேட்கும் கணினிகள் தங்கள் கடிகாரத்தை சேர்வரோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, சொன்ன நேரத்துக்குத்தான் ஒலிக்கின்றன. பிந்தினால் கொஞ்சம் ஓட்டியும் முந்தினால் கொஞ்சம் இழுத்தும் சரிசெய்துகொள்ளும். வழக்கமாக வேறுபாடு 0.2 மில்லிசெக்கனுக்கும் குறைவு, காதுக்குத் தெரியாது. அனுப்புவது டிசிபி (பொதி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் முறை) என்பதால் தொலைந்த பொதியும் திரும்ப வரும். தரம் குறையாத ஃபிளாக் வடிவில் சுருக்குவதால் நெட்வொர்க்குக்குப் பாரமும் குறைவு.

நிறுவக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அது உண்மை. அப்புறம், இயல்பாக 1 செக்கன் தாமதம் இருக்கும். பாட்டுக்குப் பரவாயில்லை, படம் பார்த்தால் வாயசைவு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

என் வீட்டில் ஸ்னாப்காஸ்ட்தான். படத்துக்கு மட்டும் லெப்டொப்பை முன்னறைக்குத் தூக்கிப்போகிறோம்.