வெளிநாட்டு நம்பருக்கு எதில் பேசலாம்? ஐஎஸ்டி, வாட்ஸ்அப், ஆப் கிரெடிட்

மாம்பலம் மாமி நியூஜெர்சியில் இருக்கும் மகளிடம் பேச வாட்ஸ்அப் போதும். வீட்டு வைஃபையில் பேசினால் தனிக் காசு கிடையாது, பேரன் முகத்தையும் பார்த்துக்கொள்ளலாம். இதில் அலச ஒன்றுமே இல்லை. மறுமுனையில் ஒரு ஆபீஸ் இருந்தால்தான் தலைவலி. பல்கலைக்கழக அட்மிஷன் பிரிவு, வங்கி, ஆஸ்பத்திரி பில்லிங் எல்லாம் பெரும்பாலும் லேண்ட்லைன்தான். அங்கே வாட்ஸ்அப் எடுபடாது; ஐஎஸ்டி அல்லது ஆப் கிரெடிட் (ஆப்பில் முன்கூட்டியே காசு போட்டு, நெட் வழியாகச் சாதாரண போன் நம்பரைக் கூப்பிடுவது), இரண்டில் ஒன்று.

ஐஎஸ்டியில் நெட் தேவையில்லை, எந்த ஆப்பும் இறக்க வேண்டாம். பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தாகூட 00 போட்டு, நாட்டு எண் போட்டுக் கூப்பிட்டுவிடலாம். ஆனால் உங்கள் சிம்மில் ஐஎஸ்டி வசதி திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேக் போடாமல் பேசினால் பேலன்ஸ் மளமளவென்று இறங்கும். அதைவிடக் கொடுமை, "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" முடிந்து ஹோல்டில் போட்டு மியூசிக் ஓட விடுவார்கள். அந்த மியூசிக்குக்கும் நிமிடக் கணக்கில் காசு!

ஆபீஸ் வேலைக்கு என் ஓட்டு ஆப் கிரெடிட்டுக்குத்தான். பலர் நம்பியிருந்த ஸ்கைப்பை 2025 மே 5 அன்று மூடிவிட்டார்கள். வைபர் அவுட் மாதிரி சில இருக்கின்றன. கிரெடிட் வாங்குவதற்கு முன் ரேட்டைப் பாருங்கள், நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் +44 20 என்றால் லண்டன் லேண்ட்லைன், பொதுவாக மலிவு. +44 7 என்றால் மொபைல், கூடுதல். அமெரிக்காவில் மொபைலுக்கும் லேண்ட்லைனுக்கும் ஒரே ஏரியா கோடுதான், அதனால் ரேட்டும் பெரும்பாலும் ஒன்றே. லண்டன் நம்பரை 020 என்று எழுதியிருப்பார்கள். +44 போட்டால் அந்த முன் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். அமெரிக்க 800 டோல்ஃப்ரீ நம்பர்கள் பல இங்கிருந்து போகாது, போனாலும் இலவசமாக இருக்காது. ஆபீஸின் சாதாரண நம்பரைத் தேடி எடுங்கள்.

துபாய் தனிக் கதை. அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும், கால் போகாது. அதனால்தான் அண்ணன்மார்கள் போட்டிம் ஆப்பை இறக்கச் சொல்கிறார்கள்.

எஸ்எம்எஸ்? வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். தமிழில் அடித்தால் இன்னும் நஷ்டம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும்: "சாப்டீங்களா" நம் கண்ணுக்கு 6 எழுத்து, போனுக்கு 11. 70ஐத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. லேண்ட்லைனுக்கு அனுப்புவதோ கிணற்றில் போட்ட கல்.

இன்னொன்று: தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து ஒரே ரிங்கில் மிஸ்டு கால் வந்தால் திரும்பக் கூப்பிடாதீர்கள். உங்களைக் கூப்பிட வைத்துக் காசு பிடுங்கும் பழைய வித்தை அது.

நியூயார்க் ஆபீஸ் காலை 9 மணிக்குத் திறக்கிறது என்றால், அங்கே குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30, கோடையில் மாலை 6.30. திறந்ததும் கூப்பிட்டால் ஹோல்ட் கொஞ்சம் குறையும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.