கியர்பாக்ஸ் பிரஷர் ஸ்விட்ச்: வீட்டிலா, ஒர்க்‌ஷாப்பிலா?

ஹோண்டாவின் பழைய ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் கார்களில் மூன்றாம் கிளட்ச் பிரஷர் ஸ்விட்ச் (மூன்றாம் கியரின் கிளட்சுக்கு ஆயில் அழுத்தம் வந்ததைக் காரின் கணினிக்குச் சொல்வது) கியர்பாக்ஸுக்கு வெளிப்பக்கமே இருப்பதால், தர்மபுரியில் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். என்ஜின் ஆறியதும் சுற்றியுள்ள மண்ணைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு (தூசி உள்ளே போனால் வால்வுக்கு ஆகாது) பழையதைக் கழற்றி, புது வாஷரோடு 20 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். உறை அலுமினியம், மரை போனால் செலவு பெரிசு. அப்புறம் சிந்திய அளவுக்கு அதே வகை கியர்பாக்ஸ் ஆயில், அவ்வளவுதான்.

ஒர்க்‌ஷாப் என்றால் கூலி கூடும், ஆட்டோமேட்டிக் தெரிந்தவரைத் தேடி ஓசூர் வரைகூடப் போக வேண்டி வரலாம். ஆனால் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரும் ஆயில் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜும் அங்கேதான் இருக்கும். தொப்பூர் ஏற்றத்தில் என்ஜின் இரைந்தும் வேகம் ஏறாமல் கியர் நழுவினால் ஸ்விட்சில் கை வைக்காதீர்கள், நேராக அங்கே விடுங்கள்.