குலுக்கலா, புகைப்படப் போட்டியா? நாவலுக்கு இரண்டையும் நடத்திப் பார்த்த பின்

முதல் நாவல் வந்தபோது அதை நாலு பேருக்குத் தெரியவைக்கச் சமூக ஊடகத்தில் குலுக்கல் நடத்தினேன். இரண்டாவது நாவலுக்கு வாசகர் புகைப்படப் போட்டி. இப்போது மூன்றாவது நாவல் அச்சுக்குப் போகிறது, மறுபடியும் புகைப்படப் போட்டிதான் என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் கீழே இருப்பதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

குலுக்கலின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பதிவு போட்டால் போதும், கீழே பெயர் எழுதியவர்களில் பத்துப் பேரை எடுத்துப் புத்தகம் அனுப்பலாம். அரை நாள் வேலை. கூட்டமும் சேரும். எனக்கும் சேர்ந்தது, முடிவு அறிவித்த வாரமே கரைந்தும் போனது. பரிசு புத்தகமாக இல்லாமல் சோப்புப் பெட்டியாக இருந்திருந்தாலும் அதே ஆட்கள்தான் வந்திருப்பார்கள். தபால் செலவு வேறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது நாவலாசிரியருக்காகவே சொன்ன பழமொழியோ என்று அப்போது தோன்றியது. பிரதி பெற்ற பத்துப் பேரில் இரண்டு பேர்தான் படித்ததாகச் சொன்னார்கள்.

ஒரு தப்பும் செய்தேன். "மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள்" என்று விதி போட்டிருந்தேன். எல்லோரும் செய்கிறார்களே என்றுதான் செய்தேன். ஃபேஸ்புக்கின் போட்டி விதிகளைப் பிறகுதான் படித்தேன்: பங்கேற்பதற்காக நண்பர்களை டேக் செய்யச் சொல்வதும், சொந்தப் பக்கத்தில் பகிரச் சொல்வதும் அங்கே கூடாது. இன்ஸ்டாகிராமிலும் படத்தில் இல்லாதவரைப் படத்தில் இருப்பதாக டேக் செய்யத் தூண்டக் கூடாது, போட்டிக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சம்பந்தமில்லை என்று விதியில் எழுதியும் வைக்க வேண்டும். யாரும் வந்து கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

விமர்சனப் போட்டி என்று ஒரு மூன்றாவது வழியைப் பலர் சொல்வார்கள். நான் நடத்தியதில்லை, நடத்தப் போவதும் இல்லை. அமேசானில் விமர்சனத்துக்குப் பரிசு கொடுப்பது விதிமீறல். புத்தகம் வெளிவரும் முன்பே ஒரு பிரதியை இலவசமாகத் தரலாம், ஆனால் விமர்சனம் எழுதியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. அங்கே வேண்டாம், தனிப் பதிவாக எழுதச் சொல்லலாமே என்றால், பரிசுக்காக எழுதும் பாராட்டை முதலில் கண்டுபிடிப்பது வாசகர்தான்.

சரி, புகைப்படப் போட்டி. "புத்தகத்தோடு படம் எடுத்து அனுப்புங்கள்" என்று மட்டும் அறிவித்தால் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் புத்தகம், பூச்செடிக்குப் பக்கத்தில் புத்தகம், தலையணை மேல் புத்தகம் என்று வரும். பத்துப் படத்துக்கு மேல் நமக்கே கொட்டாவி வந்துவிடும். கருப்பொருளை நாவலுக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். என் இரண்டாவது நாவலில் ஒரு பூட்டிய வீடு வருகிறது, கடைசி வரை அதைத் திறக்க மாட்டார்கள். "உங்களுக்குத் திறக்காத கதவு ஒன்றைப் படம் எடுங்கள், கூடவே இரண்டு வரி எழுதுங்கள்" என்று கேட்டேன். புத்தகம் படத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றும் சொல்லிவிட்டேன். வந்தவை நாற்பது சொச்சம்தான். குலுக்கலோடு ஒப்பிட்டால் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒருவர் தன் பழைய பள்ளியின் துருப்பிடித்த கதவை எடுத்து அனுப்பியிருந்தார். இன்னொருவர் அப்பா இறந்த பின் யாரும் திறக்காத மேசை இழுப்பறையை எடுத்து, "கதவு இல்லைதான், பரவாயில்லையா?" என்று கேட்டிருந்தார். பரவாயில்லை என்று எழுதிவிட்டு அன்று வேறு வேலை பார்க்க முடியவில்லை.

புத்தகம் கட்டாயமில்லை என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பரிசு, அதிர்ஷ்டம், சேர்வதற்குக் காசு ஆகிய மூன்றும் ஒன்றுகூடினால் பல நாடுகளின் சட்டத்தில் அது லாட்டரி. குலுக்கலில் அதிர்ஷ்டம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, "வாங்கியவர்களுக்கு மட்டும்" என்று சொன்னால் காசும் சேர்ந்துவிடும். நடுவர் வைத்துத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் அதிர்ஷ்டம் இல்லை, அதனால் சிக்கல் குறைவு. இருந்தாலும் நூலகத்தில் எடுத்தவர், கிண்டிலில் படித்தவர், இன்னும் வாங்காதவர் எல்லோரும் வரட்டுமே.

நடுவர் என்றதும் நினைவுக்கு வருகிறது: லைக் எண்ணிக்கையை வைத்துப் பரிசு கொடுக்காதீர்கள். பெரிய குடும்பம் உள்ளவர் ஜெயிப்பார், அவ்வளவுதான். நானும், அட்டை வடிவமைத்தவரும், ஒரு வாசகரும் நடுவர்களாக உட்கார்ந்தோம், அனுப்பியவர் பெயரை மறைத்து வைத்துப் பார்த்தோம்.

இத்தனையும் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னைப் புகைப்படப் போட்டிப் பக்கம் சாய்த்தது போட்டி முடிந்த பின் கையில் மிஞ்சுவதுதான். குலுக்கல் முடிந்தால் மிஞ்சுவது தபால் ரசீது. புகைப்படப் போட்டி முடிந்தால் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு வாரம் ஒரு படம் போடலாம், அதுவும் ஆசிரியரே தன் புத்தகத்தைத் தூக்கிக் காட்டாமல், வாசகர் கண் வழியாக. புத்தகக் கண்காட்சித் தட்டியில் வைக்கலாம், மறுபதிப்பின் பின்பக்கத்தில் சேர்க்கலாம். ஆனால் இது எல்லாம் அனுமதி வாங்கியிருந்தால் மட்டும். அங்கேதான் நான் சறுக்கினேன்.

பங்கேற்றவர் நாம் சொன்ன ஹேஷ்டேக்கைப் போட்டுவிட்டார், அதனால் படம் நமக்கு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவர் இன்ஸ்டாகிராமுக்குத் தரும் உரிமம் இன்ஸ்டாகிராமுக்குத்தான், எனக்கல்ல. அதைவிட முக்கியமாக, பெரும்பாலான நாடுகளில் படத்தின் பதிப்புரிமை எடுத்தவருக்குத்தான், படத்தில் இருப்பவருக்கு அல்ல. எனக்கு வந்ததிலேயே அழகான படம் ஒரு பெண் பூட்டிய கதவின் முன்னால் நாவலோடு உட்கார்ந்திருப்பது. அவரே அனுப்பியிருந்தார். தட்டியில் அச்சடித்த பின்தான் அதை எடுத்தவர் அவருடைய தோழி என்பதும், தோழிக்கு இதில் துளியும் விருப்பமில்லை என்பதும் தெரிந்தது. தட்டி பரணில் கிடக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. நான் கேட்கவே இல்லையே.

அதனால் இப்போது விதியில் நான்கு வரி சேர்த்திருக்கிறேன். படத்தை எடுத்தவர்தான் அனுப்ப வேண்டும். உரிமை அவரிடமே இருக்கும், இந்த நாவலைப் பற்றிய பதிவுகளிலும் தட்டிகளிலும் மறுபதிப்பிலும் அவர் பெயரோடு பயன்படுத்த எனக்கு அனுமதி தருகிறார். படத்தில் அடையாளம் தெரியும்படி யாராவது இருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும், குழந்தை என்றால் பெற்றோருடையது. எடுத்துவிடச் சொன்னால் இணையத்திலிருந்து எடுத்துவிடுவேன், அச்சில் வந்துவிட்டதை மட்டும் திரும்பப் பெற முடியாது. "அனுப்பப்படும் படங்கள் அனைத்தும் எமக்கே சொந்தம்" என்று சில போட்டிகளில் எழுதியிருப்பார்கள். அதை எழுதினால் நல்ல படம் எடுப்பவர்கள் முதல் ஆளாக விலகிவிடுவார்கள். நானாக இருந்தாலும் விலகுவேன்.

அப்புறம், படத்தை எங்கே வாங்குவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஹேஷ்டேக் மட்டும் போதாது: பூட்டிய கணக்கில் போட்டால் நம் கண்ணில் படாது, ஸ்டோரியில் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இன்ஸ்டாகிராமில் ஏறும் படம் பொதுவாக 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கிவிடும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்று வைத்தால் மூன்றரை அங்குலம்தான் தேறும், தட்டிக்கு அது எந்த மூலைக்கு? எனவே அங்கே போடுவது அவரவர் விருப்பம், போட்டிக்கான படம் மின்னஞ்சலில், மூலக்கோப்பாக, விதிகளுக்குச் சம்மதம் என்ற ஒரு வரியோடு. ஒரு எச்சரிக்கை: மின்னஞ்சலில் வரும் மூலக்கோப்பில் படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் அப்படியே ஒட்டிக்கொண்டு வரலாம். அது பலருக்குத் தங்கள் வீடு. வெளியிடும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

குலுக்கல் ஒரு இடத்தில் ஜெயிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாவல் வெளிவரும் முன்பு, யார் கையிலும் புத்தகம் இல்லாதபோது, பெயரைப் பரப்ப அதுதான் வழி. புகைப்படப் போட்டியை வெளியீட்டு வாரத்தில் அறிவித்தால் படித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள், மூன்று நான்கு வாரம் விட வேண்டும். முதல் நாவல், வாசகர் வட்டமே இல்லை என்ற நிலையில் புகைப்படப் போட்டிக்கு ஐந்து படம்தான் வரும் என்று பயமாக இருந்தால் அந்தப் பயம் நியாயமானதே, எனக்கு இரண்டாவது நாவலில்தான் துணிச்சல் வந்தது. விற்பனை இதனால் எவ்வளவு கூடியது என்று கேட்டால் கையில் கணக்கு இல்லை, அதே மாதம் ஒரு நல்ல விமர்சனமும் வந்திருந்தது, எது இழுத்தது என்று பிரிக்க முடியாது. ரீல் போட்டியைப் பற்றியும் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

பரிசாகக் கையெழுத்திட்ட பிரதி கொடுத்தது இன்னொரு அசட்டுத்தனம், பங்கேற்றவர்களில் பாதிப் பேரிடம் புத்தகம் ஏற்கெனவே இருந்தது. இந்த முறை நாவலின் கைப்பிரதியில் நான் அடித்துத் திருத்திய ஒரு பக்கம் பரிசு. கடைசித் தேதிக்கு முந்தைய இரவு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. போன முறை பாதிப் படங்கள் அன்றைக்கு இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வந்தன.