தேங்கிய ஆர்டர் எத்தனை நாள் தேங்கியது? எக்ஸெல்லில் கணக்குப் போட்ட அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக் கடைகளிலிருந்தும் மாதவரம் குடோன்களிலிருந்தும் வெளியூர் போகும் சரக்குக்கு பெண்டிங் ரிப்போர்ட் தினமும் வருகிறது. எத்தனை ஆர்டர் தேங்கியிருக்கிறது என்று அது சொல்லும். எந்த இடத்தில், எத்தனை நாளாக என்று சொல்லாது. அதை எக்ஸெல்லில் எடுக்கும் முறையைப் பல தீபாவளி, பொங்கல் சீசன்களில் ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன்.

ஆர்டர் போட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டாம். பணம் வராமல் நிற்பது வேறு, ஸ்டாக் இல்லாமல் நிற்பது வேறு, பண்டல் கட்டியும் லாரி ஏறாமல் நிற்பது வேறு. ஆகவே ஸ்டேட்டஸ் ஹிஸ்டரி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு வரி: ஆர்டர் எண், நிலை, நேரம். ஆர்டர் எண், பிறகு நேரம் என்று வரிசைப்படுத்துங்கள். நான்காவது நெடுவரிசையில் ஒரு இஃப் ஃபார்முலா போதும்: அடுத்த வரியிலும் அதே ஆர்டர் எண் என்றால் அந்த நேரத்திலிருந்து இந்த நேரத்தைக் கழிப்பது, வேறு எண் என்றால், டெலிவரி ஆகாத பட்சத்தில், ரிப்போர்ட் எடுத்த நேரத்திலிருந்து கழிப்பது. ரிப்போர்ட் நேரத்தை ஒரு செல்லில் கையால் அடித்து வையுங்கள். நவ் ஃபார்முலா போட்டால் நாளை திறக்கும்போது இன்றைய கணக்கே மாறிவிடும். ஒரே ஆர்டர் இரண்டு முறை நின்றாலும் இந்த முறையில் தனித்தனி வரியாக வரும். முதல் நேரம், கடைசி நேரம் மட்டும் எடுத்துக் கழித்தால் நடுவில் ஓடிய நாளும் தேக்கத்தில் சேர்ந்துவிடும்.

அதிகம் கெடுப்பது தேதிதான். விண்டோஸின் ரீஜன் செட்டிங் அமெரிக்கா என்று இருந்தால் 05/11/2024 என்பது மே 11 ஆகிவிடும். நவம்பர் 5-இல் நின்று 7-இல் கிளம்பிய பண்டல் 61 நாள் காட்டும். 12-ஆம் தேதிக்கு மேல் இருப்பவை எழுத்தாகவே செல்லின் இடது ஓரம் ஒட்டிக்கொள்ளும். அது கண்ணில் படும், முன்னது படாது. ரிப்போர்ட் வரும் சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்காமல் டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லிக் கொடுங்கள். ஆர்டர் எண்ணை அங்கேயே டெக்ஸ்ட் ஆக்குங்கள். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், 17 இலக்க எண்ணில் கடைசி இரண்டும் பூஜ்யமாகி இரண்டு பார்ட்டியின் (வாங்குபவரின்) ஆர்டர் ஒன்றாகிவிடும்.

மணிக்கணக்கு பார்ப்பவர்கள் செல் ஃபார்மட்டில் மணிக்குச் சதுர அடைப்புக்குறி, அதாவது [h], போடாவிட்டால் 26 மணி நேரம் வெறும் 2 என்று தெரியும்.

இனி சராசரி. இங்கேதான் ரிப்போர்ட் ஆளை ஏமாற்றும். பத்து ஆர்டர் நின்றது என்று வையுங்கள். ஏழு கிளம்பிவிட்டன: 1, 1, 2, 2, 3, 3, 4 நாள். மூன்று இன்னும் கிடக்கின்றன: 9, 12, 15 நாளாக. கிளம்பியதை மட்டும் எடுத்தால் சராசரி 2.3 நாள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மோசமான மூன்றும் அதில் இல்லை. பத்தையும் சேர்த்தால் 5.2, அதுவும் குறைந்தபட்சம்தான். அந்த மூன்றும் நாளுக்கு நாள் ஏறும். மீடியன், அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண், 3. மூன்றும் ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டதால், அவை இன்னும் ஒரு மாதம் கிடந்தாலும் மீடியன் அசையாது. அதனால் மீடியனையும், இன்னும் கிடப்பவற்றின் வயதுப் பட்டியலையும் சேர்த்தே முதலாளியிடம் காட்டுங்கள். தொகுத்துக் காட்டும் சாதாரண பிவட் டேபிளில் மீடியன் கிடையாது. ஒவ்வொரு நிலைக்கும் தனியாக வேண்டுமென்றால் மீடியனுக்குள் இஃப் போட்டு எடுக்க வேண்டும், பழைய வெர்ஷனில் கன்ட்ரோல் ஷிஃப்ட் என்டர் அழுத்தி.

வேலை நாளை மட்டும் எண்ண நெட்வொர்க்டேஸ் இன்டல் (NETWORKDAYS.INTL) ஃபார்முலா. ஞாயிறு மட்டும் லீவு என்றால் குறியீடு 11. பொங்கல் நாட்களைத் தனிப் பட்டியலாகக் கொடுங்கள். இந்த ஃபார்முலா தொடங்கிய நாள், முடிந்த நாள் இரண்டையும் எண்ணும், திங்கள் மாலை நின்று செவ்வாய் காலை கிளம்பினாலும் 2 என்று வரும். ஒன்றைக் கழியுங்கள். பார்ட்டிக்குப் பதில் சொல்லக் காலண்டர் நாள், லாரி ஆபீஸில் கேள்வி கேட்க வேலை நாள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.