வேர் சிகிச்சைக்கு எந்த ஃபைல்: விறைப்பானதா, வெப்பத்தில் பதப்படுத்தியதா?

மன்னார்குடியில் நான் நடத்தும் பல் மருத்துவமனைக்கு, மூன்று ஆண்டுகளுக்கு முன் குறுவை நடவு முடிந்த கையோடு வலங்கைமான் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். அதன் முன்வேர் நன்றாக வளைந்திருப்பது எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது. வேர்க்குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும், ஊசி போல மெல்லிய திருகுக் கருவிதான் ஃபைல். நிக்கல் டைட்டானியம் என்ற கலப்பு உலோகத்தில் செய்த அந்த ஃபைலை உள்ளே விடுவதற்கு முன் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. வெளியே எடுத்தபோது நுனியில் 3 மில்லிமீட்டர் காணவில்லை. அந்த அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொல்லி, எக்ஸ்ரேயைக் காட்டி, தஞ்சாவூருக்கு அனுப்பினேன். நுண்ணோக்கி வைத்து அந்தத் துண்டை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த பயத்துக்கு நான்தான் காரணம். அதன் பிறகே இந்த ஒப்பீட்டைச் சிரத்தையாகச் செய்யத் தொடங்கினேன்.

எஃகுக் கை ஃபைலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. விலை குறைவு, விரலுக்கு உணர்வு தரும், வளைந்த வேரில் விறைத்துக்கொண்டு நேராகப் போகப் பார்க்கும். 1988இல் பல் சீரமைப்புக்கான நிக்கல் டைட்டானியம் கம்பியிலிருந்து ஃபைல் செய்து சோதித்தபோது, அது எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு நெகிழ்வாக இருந்தது. மோட்டாரில் சுழலும் இன்றைய ஃபைல்களுக்கெல்லாம் அதுதான் தொடக்கம். எனவே உண்மையான போட்டி நிக்கல் டைட்டானியத்துக்குள்ளேயே இருக்கிறது: பழைய விறைப்பான வகையா, வெப்பத்தில் பதப்படுத்திய மென்மையான வகையா?

கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் ஓரிடத்தில் பட்டென்று ஒடிகிறதல்லவா, வளைந்த வேருக்குள் சுழலும் ஃபைலுக்கு நேர்வதும் அதுதான். ஒவ்வொரு சுற்றிலும் வளைவின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நசுங்குகிறது. நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் பத்து விநாடியில் 50 முறை. பருமன் கூடினால் இழுபடுவதும் கூடும். நுனியிலிருந்து மேலே போகப்போக ஃபைல் தடிக்கும்; அந்த வேகத்தைத்தான் சரிவு என்கிறோம். நுனி 0.25 மி.மீ. உள்ள ஃபைலில், நுனியிலிருந்து 5 மி.மீ. தள்ளி, 4 சதவீதச் சரிவில் குறுக்களவு 0.45 மி.மீ.; 6 சதவீதச் சரிவில் 0.55. வளைவு அந்த இடத்தில் இருந்தால் இந்தச் சிறு வித்தியாசமே ஃபைலின் ஆயுளைத் தின்றுவிடும். அதனால் வளைந்த வேருக்கு 4 சதவீதம்தான் எடுக்கிறேன்.

விறைப்பான வகை வாயின் வெப்பத்தில் வில்போல இருக்கும், விட்டால் நேராகிவிடும். திரும்பத் திரும்ப வளைவதால் வரும் உலோகக் களைப்பு உள்ளே சேர்ந்துகொண்டே போகும், வெளியே தெரியாது. பதப்படுத்திய வகை வளைத்தால் வளைந்தபடி நிற்கும். வாய் அதிகம் திறக்க முடியாதவருக்குக் கடைசிப் பல்லில் வேலை செய்யும்போது, ஃபைலை முன்கூட்டியே வளைத்து உள்ளே விடலாம் என்பது எனக்குப் பெரிய உதவி. ஒரே வளைவில் சோதித்தால் அது பல மடங்கு கூடுதல் சுற்றுகள் தாங்குகிறது. ஆனால் அறை வெப்பத்தில் செய்யும் சோதனைகள் அதை உள்ளதைவிட வலுவாகக் காட்டும்; உடல் வெப்பத்துக்கு வந்தால் அதன் ஆயுளும் குறையும். விளம்பரத்தாளில் உள்ள எண்ணை அப்படியே வேருக்குள் எதிர்பார்க்கக் கூடாது.

விலை கூடுதல்தான். இருந்தும் நான் மாறியதற்குக் காரணம் மறுபயன்பாடு. எங்கள் ஊரில் ஒவ்வொரு நோயாளிக்கும் புது ஃபைல் பெட்டி பிரித்தால் கட்டணம் எங்கேயோ போய்விடும். அறுவடைப் பணம் வரும்வரை வலியைத் தாங்கிக்கொண்டு இருப்பவர்கள் இங்கே நிறைய. ஆகவே ஃபைல், நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் போய்த் திரும்பி வரும். 134 டிகிரி நீராவியில் போட்டதும், முறுக்கு அவிழ்ந்த பதப்படுத்திய ஃபைல் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. வராவிட்டால் அதைக் குப்பையில் போட வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிகிறது. விறைப்பான வகையில் இவ்வளவு தெளிவான அடையாளம் கிடைப்பதில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், நானும் முதலில் ஏமாந்தேன். வடிவம் திரும்புவது ஆயுள் திரும்புவதாகாது. நுண்விரிசல் ஆட்டோகிளேவில் ஆறுவதில்லை. கூர்மையான வளைவில் களைத்துப்போன மென்மையான ஃபைலும் முறுக்கு அவிழாமலே ஒடியலாம். அதனால் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கணக்கு பல்லுக்கு அல்ல, வேர்க்குழாய்க்கு. ஒரு கடைவாய்ப்பல்லில் மூன்று நான்கு குழாய்கள் இருக்கும்போது "ஒரு பல்லுக்குத்தானே பயன்படுத்தினோம்" என்று சொல்வது நம்மை நாமே ஏய்த்துக்கொள்வது. நேரான குழாய்களில் எட்டு வரை ஒரு ஃபைல். நன்றாக வளைந்த ஒரு குழாயில் போய் வந்தால், பார்க்கப் புதிதாக இருந்தாலும் அத்தோடு சரி. எட்டு என்பது என் எச்சரிக்கைக்கு நான் வைத்துக்கொண்ட எண், எந்த நூலின் விதியும் அல்ல. உதவியாளர் கௌசல்யா அந்த நோட்டை என்னைவிடக் கண்டிப்பாக நடத்துகிறார்: "டாக்டர், இது எட்டு முடிந்துவிட்டது" என்று தட்டிலிருந்தே எடுத்துவிடுவார்.

முன்னும் பின்னுமாகத் திரும்பித் திரும்பிச் சுழலும் ஒற்றை ஃபைல் முறையும் இருக்கிறது. முழுச் சுற்றைவிட அதில் களைப்பு மெதுவாகவே சேர்கிறது. ஆனால் நான் அதை இருபது பற்களுக்கும் குறைவாகவே பயன்படுத்தியிருக்கிறேன். இதை வைத்து நன்மை தீமை சொல்வது நியாயமாகாது.

பதப்படுத்திய வகை பின்தங்கும் இடம் ஒன்று உண்டு. கும்பகோணம் வெற்றிலையும் பாக்கும் நாற்பது ஆண்டுகள் மென்ற பெரியவர்களின் பல் மேலே தேய்ந்திருக்கும். உள்ளே பல்லின் உட்திசுவான டென்டின் புதிதாகப் படிந்து குழாய் நூலளவாகிவிடும். அங்கே ஃபைலைக் கொல்வது வளைவு அல்ல, முறுக்கம்: நுனி மாட்டிக்கொள்ளும், தண்டு சுற்றும். மென்மையான நுனி அதற்கு எளிதில் இணங்கிவிடுகிறது. இத்தகைய பல்லில் மோட்டாரைத் தொடுவதற்கு முன், 8, 10 எண் எஃகுக் கை ஃபைல்களால் கடைசி வரை வழி திறந்துவிடுகிறேன். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அந்தச் சிறு எஃகு ஃபைல்கள் ஒரு பல்லோடு குப்பைக்குப் போகின்றன. அவற்றுக்கு நோட்டில் பக்கமே இல்லை.