பர்மா தேக்கில் கறுப்புக் கறை: ஆக்சாலிக் பவுடரோடு நாலு வருஷம்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவுக் (உள்முற்றத்து) கதவுகள் எல்லாம் பர்மா தேக்கு. ஐப்பசி மழைச் சாரல் பட்டுப் பட்டு, இரும்புக் கொண்டியையும் ஆணிகளையும் சுற்றி மை கொட்டினது போலக் கறுத்துக் கிடந்தது. முதலில் துணிக்குப் போடுகிற பிளீச்சைத்தான் தேய்த்தேன். சுற்றியிருந்த மரம் வெளுத்தது, கறை மட்டும் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

வேலைக்கு வந்த ஆசாரிதான் விஷயத்தைச் சொன்னார். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வருகிற கறுப்பாம், கடுக்காயோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைப் போட்டு அந்தக் காலத்தில் மை காய்ச்சினதும் இதே சங்கதிதான். அதற்கு இரும்பைக் கரைத்து எடுக்கிற சரக்கு வேண்டும், மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கிற ஆக்சாலிக் பவுடரை, அதாவது ஆக்சாலிக் ஆசிட் பொடியை, வாங்கச் சொன்னார்.

நாலு வருஷமாக, மழை ஓய்ந்து தை பிறந்ததும் இதைத்தான் செய்கிறேன். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம், பிளாஸ்டிக் வாளியில். கறை மேல் மட்டும் தடவினால் அங்கே மட்டும் வெளுத்துத் திட்டாகிவிடும், அதனால் பலகை முழுக்கப் பிரஷால் பூசி இருபது நிமிஷம் விட்டால் கண்ணெதிரே கறுப்பு இறங்கும், உள்ளே தேக்கின் தேன் நிறம் தெரியும், முதல் தடவை பார்த்தபோது அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு நாலைந்து தடவை நல்ல தண்ணீர், ஒரு தடவை ஆப்ப சோடாத் தண்ணீர், காய்ந்ததும் ஆளி விதை எண்ணெய்.

இது விஷம், வாயில் போகவே கூடாது. கையுறை கட்டாயம். சரியாகக் கழுவாத மரத்தை உப்புத்தாள் போட்டால் பறக்கிற தூள் மூக்கையும் தொண்டையையும் அறுக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பிளீச்சோடு எந்த ஆசிடையும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் தரையில் பதித்திருக்கிற ஆத்தங்குடிக் கல், சிமெண்டில் செய்கிற பூக்கல். கீழே சொட்டின இடத்தில் சிமெண்ட் மேற்பரப்பை அரித்து வெள்ளைப் படலம் விழுந்தது, இன்றுவரை போகவில்லை. இப்போது தார்ப்பாய் விரிக்காமல் வாளியைத் தொடுவதில்லை.

வேட்டியில் ஆணித் துரு பட்டால் இதே கரைசலைக் கொஞ்சம் நீர்த்துத் தொட்டு வைத்து அலசினால் போகிறது. சமையல் மஞ்சள் பட்ட கறைக்கு உதவாது, அதற்கு வெயில்தான்.

இரும்பு இருக்கிறவரை ஒவ்வொரு மழைக்கும் கறை திரும்ப வருகிறது. அதனால் இந்தத் தையில் முகப்பு ஓரத்துக் கதவில் இரும்பைக் கழற்றிவிட்டுப் பித்தளைக் கொண்டியும் பித்தளை ஆணியும் போட்டாயிற்று. மற்ற கதவுகளுக்கு அடுத்த வருஷம்.