ஆபீசுக்கும் குடோனுக்கும் நடுவே: காப்பரா, ஃபைபரா?

ராணிப்பேட்டையில் நான் வேலை பார்க்கிற தோல் யூனிட்டில் ஆபீஸ் ஒரு கட்டடம், குடோன் இன்னொன்று, நடுவில் 80 மீட்டர். இரண்டையும் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் இணைக்கக் காப்பர் (செம்பு) கேபிளா, ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிளா என்பதுதான் கேள்வி. காப்பருக்கு 100 மீட்டர்தான் எல்லை, நமக்கு அதற்குள் அடங்குகிறதே என்று நான்தான் முதலில் கேட்-6 என்கிற செம்பு நெட்வொர்க் கேபிளை இழுத்தேன். வேகத்தில் ஒரு குறையும் இல்லை, நொடிக்கு 1 ஜிகாபிட் தாராளமாக ஓடியது. அதனால் வேகத்துக்காக ஃபைபர் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

என்னை மாற்றியது இடிதான். ஒரு கத்திரி வெயில் காலத்துச் சாயங்காலம் நல்ல இடி மழை. மின்னல் எங்கள் கட்டடத்தில் விழவே இல்லை. ஆனாலும் காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிள்களை இணைக்கிற பெட்டி) செத்துக் கிடக்கிறது. மூடியைக் கழற்றினேன். குடோன் கேபிள் செருகியிருந்த போர்ட்டுக்குப் பின்னால் மட்டும் மிளகு அளவுக்குக் கருகல், மற்றபடி உள்ளே எல்லாம் புதுசு போலவே இருந்தது.

விஷயம் இதுதான். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி. பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினால் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வந்துவிடும், அதற்குப் பாலம் போட்டுக் கொடுப்பது நாம் இழுத்த செம்புக் கம்பி. ஈதர்நெட் போர்ட்டில் இருக்கிற குட்டி டிரான்ஸ்பார்மர் வழக்கமாக 1500 வோல்ட் வரைதான் தாங்கும். ஃபைபரில் போவது வெளிச்சம், கண்ணாடி வழியாக மின்சாரம் போகாது. ஆனால் வாங்கும்போது கவனியுங்கள்: இரும்புக் கவசம் போட்டது, தாங்கு கம்பி வைத்தது என்று வருகிற ஃபைபரில் அந்த இரும்பு வழியாகவே மின்னல் உள்ளே வரும். நான் உலோகமே இல்லாத 6 கோர் (ஆறு இழை) சிங்கிள் மோடு ஃபைபர் வாங்கி, குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைத்தேன். இரண்டு கோர்தான் ஓடுகிறது, மிச்சம் நாளைக்கு.

கஷ்டம் இல்லாமல் இல்லை. காப்பர் அறுந்தால் கிரிம்பிங் டூலை (கம்பி நுனியில் பிளக் மாட்டுகிற கருவி) எடுத்து நானே முடித்துவிடுவேன், ஃபைபர் அறுந்தால் இழையை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷினோடு வேலூரிலிருந்து ஆள் வர வேண்டும். இதுவரை எலி எதுவும் கடித்து அறுக்கவில்லை, ஆனால் போட்டு இரண்டு கோடைதான் ஆகிறது, எலி விஷயத்தில் இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது.

கட்டடத்துக்குள் சரி, காப்பரே போதும். கேமராவுக்குக் கரண்டும் அதே கேபிளில் போய்விடும், ஃபைபரில் அது நடக்காது. கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, கேமராவுக்குக் கரண்ட் அனுப்பும்போது சூடாகும், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.